புற்றுநோய் ஆய்வகத்தில் முதல் சில ஆண்டுகள்: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோமெடிக்கல், பயோடெக் படித்து முடித்த கையோடு "அக்கா, கேன்சர் ரிசர்ச்சுக்குப் போகலாமா?" என்று கேட்கும் தம்பி தங்கைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அவர்களின் அம்மாக்களும் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வேலையைச் செய்பவள் என்ற முறையில் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இது புதிதாக நுழைகிறவர்களுக்கு. பேராசிரியர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

"டிரான்ஸ்லேஷனல்" ஆராய்ச்சி என்கிறார்களே, அது மற்றப் புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒரு கட்டிக்குள் எந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது, அதனால் செல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது அடிப்படை ஆராய்ச்சி. அதைக் கொண்டு நோயாளிக்கு ஒரு பரிசோதனையோ மருந்தோ வர வேண்டும் என்ற கணக்கோடு செய்வது டிரான்ஸ்லேஷனல். வகுப்பில் எல்லாரும் சொல்லும் உதாரணம் ஹெர்2 என்ற மரபணு. 1987இல் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவும் 189 மார்பகக் கட்டிகளைப் பரிசோதித்தார்கள். சுமார் 30 சதவீதக் கட்டிகளில் இந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோயும் சீக்கிரமே திரும்பி வந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைக் குறிவைத்துச் செய்த டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடையில் 11 ஆண்டுகள். இந்தத் துறையில் இது வேகமாக நடந்த கதை!

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள அவருடைய திசு ஆய்வகத்துக்கு வருகிறது. புதிதாகச் சேரும் ஆளுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இந்தத் திசுவைச் சுற்றித்தான் இருக்கும். மருந்து கண்டுபிடிக்கும் கனவோடு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். ஆனால் அதன் மேல்தான் மற்ற எல்லாமே நிற்கிறது. இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

என்ன படித்திருக்க வேண்டும்?

பயோமெடிக்கல், பயோடெக், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், மருந்தியல் என்று எதில் இளங்கலை இருந்தாலும் சரி. எஸ்.டி.பி.எம். வழியா மெட்ரிகுலேஷன் வழியா என்று யாரும் பார்ப்பதில்லை. இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தில் பைப்பெட் பிடித்திருக்கிறீர்களா, அதைப் பற்றி ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேச வருமா என்றுதான் பார்ப்பார்கள்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் இந்த வேலை எங்கெல்லாம் நடக்கிறது?

மலாயா பல்கலைக்கழகமும் அதை ஒட்டியுள்ள அதன் மருத்துவமனையும் ஒன்று. செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும், அங்கேயே இருக்கும் மூலக்கூறு உயிரியல் நிலையமான உம்பியும் இன்னொன்று. புக்கிட் ஜாலிலில் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகம் இருக்கிறது. சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா இருக்கிறது. நன்கொடையில் நடக்கும், லாப நோக்கமில்லாத அமைப்பு. 2001இல் காரிஃப் என்ற பெயரில் தொடங்கியது. 1900இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம், அதாவது ஐ.எம்.ஆர்., ஜாலான் பஹாங்கில் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இப்போது அதன் பெரும்பகுதி செத்தியா ஆலாமில் இருக்கிறது. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது.

மருத்துவமனைக்குள்ளேயே அல்லது நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆய்வகமா, ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் ஆய்வகமா என்பது உங்கள் அன்றாடத்தையே மாற்றிவிடும். காரணம் கீழே வருகிறது.

பினாங்கு பக்கம்?

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. அதன் மருத்துவ, பல் மருத்துவ உயர்நிலையம் தீவில் இல்லை, பெருநிலத்தில் கெப்பாளா பத்தாஸ் பக்கம் பெர்த்தாமில் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் அறை எடுத்துவிட்டு தினமும் பாலம் கடக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

பெரிய கண்டுபிடிப்பெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கிறது. இங்கே செய்வதில் என்ன பயன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள்.

புற்றுநோய் மரபணு ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட மக்களில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துச் செய்த ஆபத்துக் கணக்கை ஒரு மலாய்ப் பெண்ணுக்கோ தமிழ்ப் பெண்ணுக்கோ அப்படியே போட்டால் கணக்கு பிசகுகிறது. அதனால்தான் மைபிஆர்சிஏ எனப்படும் மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வு 2002 முதல் மலாய், சீன, இந்தியப் பெண்களைச் சேர்த்துவருகிறது. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கி, பின்னர் சுபாங் ஜெயாவிலும் நடந்தது. பேராசிரியர் தியோ சூ ஹுவாங்கின் குழுவுடைய இந்த ஆய்வின் தரவு பன்னாட்டுக் கூட்டாய்வுகளுக்கும் போகிறது. நம் ஊர்ப் பெண்களின் டிஎன்ஏ இல்லாவிட்டால் அந்தக் கூட்டாய்வுகளில் நாம் வெறும் அடிக்குறிப்பு.

நுரையீரலை எடுத்துக்கொள்ளுங்கள். இஜிஎஃப்ஆர் மரபணுவில் வரும் ஒரு வகை மாற்றம் கிழக்காசியர்களிடம், அதுவும் புகைபிடிக்காத பெண்களிடம் கூடுதலாக இருக்கிறது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்குத்தான் ஜெஃபிட்டினிப் போன்ற மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன என்பது 2004இல்தான் புரிந்தது.

அப்புறம் வாய்ப் புற்றுநோய். இது நம் வீட்டுக் கதை. மலேசியாவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் இது அதிகம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மெல்லும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முதல் பிரிவில் வைத்தது. "நான் புகையில போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று தோட்டத்துப் பாட்டிமார் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கு உலகில் பெரிய மருந்து நிறுவனங்கள் அவ்வளவாகக் கவனம் கொடுத்ததில்லை. இங்கே நோயாளிகளின் கட்டியிலிருந்து ஓஆர்எல் என்ற பெயர் வரிசையில் செல் வகைகளை உருவாக்கினார்கள். மேஜ்டி4பி, எஃப்ஜேஎக்ஸ்1 என்ற இரண்டு புரதங்களைக் குறிவைக்கும் டிஎன்ஏ தடுப்பூசி ஆய்வும் இங்குள்ள குழுவும் இங்கிலாந்துக் குழுவும் சேர்ந்து செய்ததுதான்.

இன்னொரு எண்ணும் உண்டு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை மலேசியாவில் 115,238 புதிய நோயாளிகள். அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மலிவான பரிசோதனை ஒன்று இங்கே வேலை செய்தால், அது விலை உயர்ந்த புது மருந்தைவிடப் பலருக்கு உதவும் என்பது என் கட்சி. இதை மறுக்கிற சக ஊழியர்களும் எனக்கு உண்டு.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

அறுவை சிகிச்சை உள்ள நாளைச் சொல்கிறேன். முந்தின நாளே பட்டியல் வந்துவிடும்: யாருக்கு, எத்தனை மணிக்கு, ஆராய்ச்சிக்கு ஒப்புதல் தந்திருக்கிறாரா. காலையில் ஐஸ் பெட்டி, பெயர் ஒட்டிய குழாய்கள், திரவ நைட்ரஜன் உள்ள சிறு குடுவை எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு அறுவை அரங்கின் வெளியே உட்கார வேண்டும். ஒன்பது மணிக்கு என்பார்கள், பதினொன்றரைக்கு வரும். கட்டி வெளியே வந்ததும் நேராக உங்கள் கைக்கு வராது. நோயியல் மருத்துவர்தான் முதலில் பார்ப்பார். நோயைக் கணிக்கத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால் தருவார். இல்லையென்றால் வெறும் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான். அதில் வாக்குவாதம் கிடையாது. நோயாளியின் சிகிச்சைக்குத்தான் முதல் உரிமை.

உடலிலிருந்து பிரிந்த நொடியிலிருந்து திசுவுக்குள் ஆக்சிஜன் இல்லை. ஆர்என்ஏ சிதையத் தொடங்குகிறது, சில மரபணுக்கள் பதற்றத்தில் எகிறுகின்றன. மார்பகத் திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில், அதாவது திசுவைப் பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் வரைதான் அதில் வைக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி இருப்பது இதனால்தான். இந்த எல்லை தாண்டினால் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2வும் தவறாகத் தெரியலாம். ஆக, கட்டி வெட்டி எடுத்த நேரம், உறைய வைத்த நேரம், இரண்டையும் நிமிடத்தோடு எழுதுவது உங்கள் வேலையின் மிக முக்கியமான ஐந்து விநாடி. ஆறு மாதம் கழித்து உங்கள் வரைபடத்தில் ஒரு மாதிரி மட்டும் எங்கோ தனியாக நிற்கும்போது, அது உயிரியலா, லிஃப்டுக்காகக் காத்திருந்த நாற்பது நிமிடமா என்று சொல்ல அந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கும். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் ஆய்வகம் இருப்பது ஏன் நல்லது என்று இப்போது புரியும்.

குழாயில் எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மார்க்கர் மை எத்தனால் பட்டதும் ஓடிவிடும். சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80 டிகிரியில் சுருண்டு உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடக்கும். எந்தக் குழாயினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. குளிருக்கென்றே செய்த லேபிளை ஒட்டி, மூடியின் மேலும் எண்ணை எழுதுங்கள். நோயாளியின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ குழாயில் கூடவே கூடாது, குறியீடு மட்டும்தான். எந்த ஆய்வகத்திலும் பல வருடமாக இருக்கும் ஒரு மலாய் கக், அதாவது அக்கா, இருப்பார். உறைபெட்டியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முதல் வாரத்தில் பேராசிரியரைவிட அவரோடு அதிக நேரம் செலவிடுங்கள்.

அறுவை சிகிச்சை இல்லாத நாட்களில் செல்லுக்கு ஊடகம் (அது வளரும் சத்துத் திரவம்) மாற்றுவது, ஆர்என்ஏ பிரிப்பது, டிஎன்ஏவைப் பெருக்கும் பி.சி.ஆர்., புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட், கணினி, மீட்டிங். மீட்டிங் கொஞ்சம் நிறையவே.

செல் வளர்ப்பு கஷ்டமா?

கை பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, சுத்தமான கை. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சைதான் பெரிய தொல்லை. குளிர்சாதனம் ஒரு வார இறுதியில் நின்றுபோனால் திங்கட்கிழமை இன்குபேட்டரைத் திறக்கும்போதே மணம் சொல்லிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையைவிடத் தெரியாத மைக்கோபிளாஸ்மா மோசம். அதற்குச் செல் சுவர் கிடையாது, அதனால் ஊடகத்தில் போடும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஊடகம் கலங்காது, செல்லும் சாகாது. ஆனால் அதன் நடத்தை எல்லாம் மாறிப்போகும். மாதம் ஒரு முறையாவது சோதிக்காத ஆய்வகமாக இருந்தால் நான் யோசிப்பேன்.

அடுத்தது, உங்கள் கையில் இருக்கும் செல் அது சொல்லிக்கொள்ளும் செல்தானா என்பது. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வகையை ஆண்டுக்கணக்கில் மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று நினைத்து உலகெங்கும் கட்டுரை எழுதினார்கள். கடைசியில் அது மெலனோமா, தோல் புற்றுநோய்ச் செல் என்று தெரிந்தது. செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்க்கும் எஸ்.டி.ஆர். சோதனை செய்தால் இது தெரிந்துவிடும். பக்கத்து ஆய்வக நண்பர் ஒரு குழாயில் கொண்டுவந்து தரும் செல்லுக்கு நன்றி சொல்லுங்கள். வளர்க்கும் முன் சோதனைக்கு அனுப்புங்கள்.

நான் சைவம். செல் ஊடகத்தில் மாட்டுச் சீரம் போடுவார்களாமே?

ஆமாம். எஃப்பிஎஸ் என்பது மாட்டுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுப்பது, இறைச்சிக்கூடத்தில் கிடைப்பது. வழக்கமான ஊடகத்தில் 10 சதவீதம் இருக்கும். சீரம் இல்லாத ஊடகங்கள் இருக்கின்றன. சில செல் வகைகள் அதில் நன்றாக வளரும், பல வளராது, விலையும் கூடுதல். எலிகளில் கட்டி வளர்த்துப் பார்க்கும் வேலை இன்னும் ஒரு படி தள்ளி. மனசு ஒப்பவில்லை என்றால் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். நோயாளித் திசு, மரபணு வரிசை, தரவுப் பகுப்பாய்வு என்று விலங்கைத் தொடாத திட்டங்கள் தாராளமாக இருக்கின்றன. சேர்ந்து ஒரு வருடம் கழித்துச் சொன்னால்தான் சிக்கல்.

நோயாளிகளை நேரில் பார்ப்போமா?

திட்டத்தைப் பொறுத்தது. தமிழ் பேசுகிறவராக இருந்தால், பார்க்க மாட்டேன் என்று நீங்கள் நினைத்திருந்தாலும் ஒருநாள் கூப்பிடுவார்கள். ஒப்புதல் படிவம் மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் இருக்கும். ஆனால் படிவத்துத் தமிழ் ஒரு பாட்டிக்குப் புரியும் தமிழாக இருப்பது அபூர்வம். நோயாளியிடம் போகும் முன்னால் இரண்டு விஷயம் வேண்டும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் நெறிமுறைக் குழுவான எம்ஆர்இசி வழியாகப் போக வேண்டும். நீங்களும் ஜிசிபி, அதாவது மனிதர்களிடம் ஆய்வு செய்யும் நன்னடைமுறைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அனுமதி வர மாதங்கள் ஆகலாம், முதல் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு இடம் விடுங்கள்.

கிளினிக்கில் திரும்பத் திரும்ப வரும் உரையாடல் இது:

"இந்த ரத்தத்த எடுத்தா வியாதி சீக்கிரம் சொகமாயிருமா, கண்ணு?"

"இல்ல பாட்டி. இது உங்க வைத்தியத்துக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். நீங்க குடுக்கலன்னாலும் டாக்டர் உங்களப் பாக்கறதுல ஒண்ணும் கொறையாது."

அந்த "இல்ல பாட்டி"யைச் சொல்வது கஷ்டம். வெள்ளைக் கோட்டு போட்டுத் தமிழில் பேசுகிற பிள்ளை என்றதும் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குவது சுலபம். அதனால்தான் அப்படிச் செய்யக் கூடாது. மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால், "சரி பாட்டி, கேட்டுட்டு வாங்க" என்று விட்டுவிடுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். உங்களை டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்துங்கள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும், கிளினிக்கில் திருத்துங்கள்.

சம்பளம் எப்படி?

இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எந்த வகையில் உங்களை எடுக்கிறார்கள் என்பது தொகையைவிட முக்கியம். முதுகலை அல்லது முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு ஆய்வு நிதியிலிருந்து மாத உதவித்தொகை வாங்குவது ஒரு வகை. இதற்குப் பெரும்பாலும் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி எதுவும் இருக்காது. ஆய்வு உதவியாளராகவோ ஆய்வு அதிகாரியாகவோ ஒப்பந்தத்தில் எடுப்பது இன்னொன்று. முறையான ஊழியராக நியமித்தால் உங்கள் பங்கு 11 சதவீதம், மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை என்றால் முதலாளி பங்கு 13 சதவீதம் சேமநிதிக்குப் போக வேண்டும். கையில் வரும் தொகை ஒன்றாகத் தெரிந்தாலும் இவை இரண்டும் ஒன்றல்ல.

ஒப்பந்தம் எந்த ஆய்வு நிதியில் தொங்குகிறது, அது எப்போது முடிகிறது என்று கேளுங்கள். மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டு நிதிதான் மிச்சமிருக்கிறது என்றால், அடுத்த பாதிக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற மேற்பார்வையாளர், நிதி தீரும்போதும் கோபிப்பார். சேமிப்பு இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வேலையில் சேர்ந்து ஓராண்டு பார்த்துவிட்டுப் பட்டத்துக்குப் பதிவது தவறே இல்லை. அம்மாக்கள் "எப்ப பிஎச்டி?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

மேற்பார்வையாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவருடைய கட்டுரைகளைப் படியுங்கள், சரி. அதைவிட, அவரிடம் கடைசியாகப் படித்து முடித்த மூன்று பேரைக் கண்டுபிடித்து ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருக்குப் போகிறது. பிறகு ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, "போன வருடத்து மாதிரி ஒன்றை எடுத்துக் காட்ட முடியுமா?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பட்டியலைத் திறந்து இரண்டு நிமிடத்தில் எடுத்தால் நல்ல இடம். மூன்று பேர் கூடி உறைபெட்டிக்குள் தலையை விட்டுத் தேடினால், ஆறு மாதத்தில் நீங்கள் நான்காவது தலை.

தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்பதைக் கடைசியில் பாருங்கள். இம்யூனோதெரப்பி, ஒற்றைச் செல், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு ஜொலிக்கும். கையில் ஒப்புதலோடு சேகரித்த நல்ல மாதிரிகள் பன்னிரண்டுகூட இருக்காது.

துரியான் பெலாண்டா (முள் சீத்தாப்பழம்) புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, ஆய்விலேயே நிரூபித்ததாகச் சொல்கிறார்களே?

இந்த வேலைக்கு வந்தால் இந்தக் கேள்வி ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும், தயாராக இருங்கள். அந்தப் பழத்தின் இலைச்சாறு தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்று ஆய்வுகள் இருப்பது உண்மைதான். தட்டில் உள்ள செல்லைக் கொல்வது மிகவும் எளிது. குளோரோக்ஸும் கொல்லும், உப்புக் கூடினாலும் சாகும். கேட்க வேண்டியது வேறு. சாப்பிட்டு, குடலில் உறிஞ்சி, கல்லீரலைத் தாண்டி, கட்டிக்குள் அதே அளவு போய்ச் சேருமா? சேர்ந்தால் நல்ல செல்லை விட்டுவைக்குமா? மனிதர்களிடம் முறையாகச் சோதித்தார்களா? இந்தப் படிகளில்தான் பெரும்பாலான மருந்துகள் விழுகின்றன. மருந்து நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்தவையும் அப்படித்தான் விழுகின்றன.

உறவினரிடம் பாடம் நடத்தாதீர்கள். "மாமா, ஜூஸ் குடிங்க, ஆனா கீமோவ நிறுத்தாதீங்க. என்னென்ன குடிக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றால் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி விளக்கம் கேட்பார்கள், விளக்காதீர்கள். நாம் அதற்குப் படிக்கவில்லை. 1966 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் கோலாலம்பூரில் இருக்கிறது, ஆலோசனைக்கும் ஆதரவுக்கும் அங்கே அனுப்பலாம்.

பொருட்கள் எல்லாம் சமயத்துக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. ஆன்டிபாடி, என்சைம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து உள்ளூர் முகவர் வழியாக வருகின்றன, வாரக்கணக்காகும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் குவோட்டேஷன், ஒப்புதல், கொள்முதல் ஆணை என்று அது தனி ஊர்வலம். ஆண்டு இறுதியில் கணக்கு மூடும் சமயம் எதுவும் நகராது. சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றை ஒட்டி உலர் பனியில் எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள்; நீண்ட விடுமுறையில் கிடங்கில் கிடந்து இளகி வந்த பெட்டியை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். விடுமுறைக்கு முன் செல்லை உறைய வைத்துவிடுங்கள். செல்லை உறைபனியிலிருந்து காக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் 10 சதவீதம், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக இறக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது 37 டிகிரி நீரில் சட்டென்று இளக்க வேண்டும். பத்துமலைக்கு நிம்மதியாகப் போய்வரலாம்.

புள்ளியியல், நிரலாக்கம் தெரிய வேண்டுமா?

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் உங்களைத் தேடி வருவார்கள். ஆனால் கணினிக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கட்டித் திசுவை எல்லாம் திங்கட்கிழமையும் நல்ல திசுவை எல்லாம் வெள்ளிக்கிழமையும் ஓட்டினால், வரும் வேறுபாடு நோயினுடையதா, கிழமையினுடையதா என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. கலந்து ஓட்டுங்கள்.

முடிவு வரவில்லை என்றால்? வெளியான கட்டுரையில் உள்ளபடியே செய்தும் எனக்கு வரவில்லை.

உடனே உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். ஆம்ஜென் நிறுவனத்தினர் புற்றுநோய்த் துறையின் பேர்போன 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதியானதாக 2012இல் எழுதினார்கள். ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்திருக்கலாம், செல் வேறாக இருக்கலாம், மாதிரிகள் போதாமல் இருக்கலாம், நல்லதாக வந்த ஒரு தடவையை மட்டும் படமாகப் போட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது: கட்டுப்பாட்டு மாதிரிகளை (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரிகளை) சரிபாருங்கள், செல்லைச் சோதியுங்கள், இன்னொருவர் கையால் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் குறிப்பேட்டோடு மேற்பார்வையாளரிடம் போங்கள். குறிப்பேட்டில் ஊடகத்தின் தொகுதி எண், செல்லின் எத்தனையாவது தலைமுறை, எந்த இயந்திரம், யார் கை என்று எல்லாம் தேதியோடு இருந்தால் அந்த உரையாடல் பதினைந்து நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் அது உங்கள் மேல் சந்தேகமாகத் திரும்பும். வெஸ்டர்ன் பிளாட் படத்தைக் காட்டி "இந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமே" என்று யாராவது சொன்னால், மூலப் படத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். இருக்க வேண்டிய இடம் இதுதானா என்றும் யோசியுங்கள்.

ஆபத்தான வேலையா?

முறையாகச் செய்தால் இல்லை. சேரும் முன் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மலினைப் புகைக்கூண்டில் மட்டும் திறங்கள். திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு விரியும்; அதோடு லிஃப்டில் ஏறக் கூடாது, குடுவையை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் படியில் இறங்குங்கள். திசுக் கழிவு எஸ்டபிள்யூ 404 என்ற மருத்துவக் கழிவு வகையில் தனியாகப் போக வேண்டும், சாதாரணக் குப்பையில் அல்ல. கர்ப்பமாக இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். வேலையை மாற்றித் தருவார்கள், தர வேண்டும்.

பட்டம் முடித்த பிறகு என்ன?

பல்கலைக்கழக நிரந்தர வேலை சிலருக்குத்தான் கிடைக்கும், அதை ஒளித்துப் பயனில்லை. மருத்துவமனைகளின் மூலக்கூறுப் பரிசோதனைக்கூடம், மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் வேலை, பரிசோதனைக் கருவி விற்கும் நிறுவனங்கள், சிங்கப்பூர் ஆய்வகங்கள் என்று ஆட்கள் போகிறார்கள். இவற்றில் பல இடங்களில் ஜிசிபி சான்றிதழும், நெறிமுறை விண்ணப்பம் எழுதிய அனுபவமும், தமிழிலும் மலாயிலும் நோயாளியிடம் பேசத் தெரிவதும் உங்கள் வெஸ்டர்ன் பிளாட்டைவிட அதிகம் மதிக்கப்படும்.

நேர்காணலுக்கு என்ன கொண்டுபோவது?

இறுதியாண்டு ஆய்விலிருந்து ஒரே ஒரு படம். அதில் கட்டுப்பாட்டு மாதிரி எது, எத்தனை முறை செய்தீர்கள், எது சரியாக வரவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். அச்சிட்டு எடுத்துப்போங்கள், புரொஜெக்டரை நம்பாதீர்கள். செராஸ் என்றால் காலையில் ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், அங்கே பார்க்கிங் கிடைக்காது.